சந்தனம் ஒட்டிய தோட்டா

நாலு நொடி என்றுதான் கஜபதி போலீசில் சொன்னான். அவர்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். அவன் மனைவி மனோரமாவின் கணக்கு வேறு. சாப்பாட்டுத் தூக்கோடு வரப்பின்மேல் நின்று முழுவதையும் பார்த்தவள் அவள். "நாலு நொடியா? நான் கத்திகினே பாதி வரப்பு ஓடியாந்துட்டேன். நீங்க அப்பவும் அத்தயே இழுத்துகினு நிக்கறீங்க" என்று ஒரு முறை சொன்னாள். அவன் முகத்தைப் பார்த்தபிறகு மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆனி மாதத்துக் காலை, மணி ஒன்பது இருக்கும். கனகம்மாசத்திரம் தாண்டி, திருப்பதி ரோட்டை ஒட்டிய கரும்புத் தோட்டம். மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் கஜபதியும் அவன் தம்பி பூபாலனும் சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பைக்கில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"இங்க பூபாலன் யாருப்பா?"

பூபாலன் முழங்கை வரை சேறோடு நிமிர்ந்தான். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருப்பவன். "நான்தான். இன்னா, மூணு பேரும் பைப்பு ரிப்பேருக்கா வந்தீங்க?"

அரிசிச் சாக்கிலிருந்து கத்திகள் வந்தன. முதல் வெட்டு வலது மணிக்கட்டில் விழுந்தது. பூபாலன் அலறவில்லை, தன் கையைப் பார்த்தான், யாரோ ஒருவனுடைய கையைப் பார்ப்பதுபோல. அதற்குள் கஜபதி இடுப்பிலிருந்து பிஸ்டலை உருவிவிட்டான். மூன்று வருஷத்துக்கு முன் லைசென்சில் வாங்கிய புதுப் பிஸ்டல். சுட்டான். குண்டு கரும்புக்குள் எங்கோ போனது. மூன்று பேரும் குனிந்தார்கள், ஒருவன் கத்தியைக்கூட நழுவவிட்டான். கஜபதி மறுபடி அழுத்தினான். ஒன்றுமில்லை. சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழாமல் பிஸ்டலின் மேல் திறப்பில் செங்குத்தாக மாட்டிக்கொண்டு நின்றது. மேல்பகுதியைப் பிடித்து இழுத்தான். சேற்றுக் கை வழுக்கியது. உதறினான், தொடையில் தட்டினான், மறுபடி இழுத்தான்.

குனிந்தவர்களில் ஒருவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். "டேய், அண்ணனுக்கு மாட்டிகிச்சுடா." பிறகு மூவரும் விட்ட வேலையைத் தொடர்ந்தார்கள். பதினோரு வெட்டு என்று பிரேதப் பரிசோதனையில் வந்தது. கடைசி இரண்டு கழுத்தில். கூடு ஒரு வழியாக வெளியே தெறித்து விழுந்தபோது பைக்குகள் தார்ரோட்டைத் தொட்டிருந்தன.

கஜபதியை அவர்கள் தொடக்கூட இல்லை. அதுதான் அவனுக்குக் கடைசிவரை ஆறவில்லை. ஆயுதம் வைத்திருந்தவனை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் போயிருந்தார்கள்.

யார் அனுப்பியது என்பது முதல் வெட்டு வலது கையில் விழுந்தபோதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஊர் நடுவில் பஞ்சாயத்து நடந்தது. அவர்களுடைய அக்கா புவனாவுக்குச் சொத்தில் பங்கு வேண்டும் என்று அவள் புருஷன் பங்காரு கேட்டான். பங்கு கொடுக்க மாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. ரோட்டை ஒட்டிய முகப்பு நிலம்தான் வேண்டும் என்று அவன் நின்றான். ரோட்டை அகலப்படுத்தியபிறகு அந்த முகப்புக்குத்தான் மவுசு. பேச்சு முற்றி, செத்துப்போன மாமனாரைப் பற்றிப் பங்காரு வாய்க்கு வந்ததைச் சொன்னபோது, பூபாலன் எழுந்து காலில் இருந்த செருப்பைக் கழற்றி அவன் கன்னத்தில் அறைந்தான். ஐம்பது பேர் பார்க்க, வலது கையால். கல்யாணம் ஆகாத தம்பிக்கு முன்கோபம் அதிகம் என்று கஜபதிதான் ஊர்க்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டான். பங்காரு கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கைய பத்திரமா வெச்சிக்கச் சொல்லு மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

வெட்டிய மூவரும் நாலாம் நாள் வேறொரு ஊர்க் கோர்ட்டில் சரணடைந்தார்கள். அவர்கள் வாயிலிருந்து பங்காருவின் பெயர் வந்தது. நாலாவது எதிரி என்று சேர்த்து அவனையும் உள்ளே வைத்தார்கள். கஜபதியின் பிஸ்டலைத் துணியில் சுற்றி, அரக்கு வைத்து, வழக்குச் சொத்து என்று எடுத்துப்போனார்கள். போனால் போகட்டும் என்றிருந்தது அவனுக்கு. அதை மறுபடி கையால் தொட அவனுக்கு மனசில்லை.

அப்போதுதான் நைனாவின் ரிவால்வர் நினைவுக்கு வந்தது.

அது இங்கிலாந்தில் செய்த பழைய பாயின்ட் முப்பத்திரண்டு ரகம். மேலே பர்மிங்ஹாம் என்று பொறித்திருக்கும். அவன் அப்பா, நைனா என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள், அதை முப்பது வருஷம் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தார். ஒரு வெறிநாயைத் தவிர வேறெதையும் சுட்டதில்லை. வேட்டிக்குமேல் அது கருணைக்கிழங்கு மாதிரி புடைத்துக்கொண்டிருக்கும். பூபாலன் அதற்கு ரோடு ரோலர் என்று பேர் வைத்திருந்தான். நைனா செத்ததும் லைசென்ஸ் கஜபதி பேருக்கு மாறியது. அவன் அந்த இரும்பைச் சென்னையில் ஒரு துப்பாக்கிக் கடையில் பாதுகாப்புக்கு ஒப்படைத்துவிட்டு, பிறகு ஸ்டைலாக ஒரு பிஸ்டல் வாங்கிக்கொண்டான். பன்னிரண்டு வருஷமாக அந்தப் பக்கமே போகவில்லை.

ஆவணி பிறந்ததும் ஒரு திங்கட்கிழமை எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்துப் போய் வாங்கிவந்தான். நேராக ஜெயபாலின் கடைக்குப் போனான்.

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெயபாலுக்கு ஒரு சின்னக் கடை. பூட்டு, கேஸ் அடுப்பு, மிக்ஸி எல்லாம் பார்ப்பான். ஆனால் ராணுவத்தில் பதினெட்டு வருஷம் ஆயுதப் பிரிவில் இருந்துவிட்டு வந்தவன். துப்பாக்கி பழுதுபார்க்க லைசென்ஸ் இருந்தது. நாற்பத்துமூன்று வயது, கஜபதியைவிட நாலைந்து வயது சின்னவன். மேஜைமேல் அந்த ரிவால்வரை வைத்ததும், பிரித்துப்போட்டிருந்த மிக்ஸியை அப்படியே ஓரம் தள்ளினான்.

"இன்னாண்ணா இது! இத்த வெச்சிகினா நீங்க அந்த பிஸ்டல இடுப்புல சொருகிகினு திரிஞ்சீங்க?"

"பிஸ்டல் சரியில்ல ஜெயபாலு."

"பிஸ்டல் மேல தப்பு சொல்லாதீங்க. மூணு வருஷம் வேர்வையில வெச்சிகினு, ஒரு நாள் அத்த தொடச்சிருப்பீங்களா? ஒரு தடவ சுட்டுப் பாத்திருப்பீங்களா? எண்ணெய் பிசினாட்டம் ஆயிருக்கும். அதுக்கு நல்லா சாப்பாடு போட்டு, நல்லா குளிப்பாட்டணும். இது அப்படி இல்ல." ரிவால்வரைக் கையில் எடை பார்த்தான். "இது பட்டினி கெடந்தாலும் வேல செய்யும்."

டீ கொண்டுவந்த அவன் மனைவி தபிதாள் எட்டிப் பார்த்தாள். "துப்பாக்கி வந்துச்சின்னா இவருக்குச் சாப்பாடே வேணாங்க. அந்த மிக்ஸிக்காரம்மா நாலு நாளா கத்துது."

"கத்தட்டும். சட்னி ஒரு நாள் அம்மியில அரைச்சா கெட்டா பூடும்?"

ஒரு வாரம் கழித்து வரச்சொன்னான். போனபோது துப்பாக்கி கருநீலமாய் மினுங்கியது. கடைக்குப் பின்னால் மணல் நிரப்பிய தார் டிரம் ஒன்றைப் படுக்கவைத்திருந்தான், சுட்டுப் பார்ப்பதற்கென்று. பழைய தோட்டாக்கள் ஆறு போட்டுக் கொடுத்தான். முதல் இரண்டும் வெடித்தன. மூன்றாவது அழுத்தலில் 'டக்' என்று மட்டும் ஒரு சத்தம்.

கஜபதியின் கை அப்படியே நின்றுவிட்டது. மோட்டார் கொட்டகையின் சேற்று வாசனை மூக்குக்கு வந்தது. பூபாலன் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாத்துக்கு நிக்கறீங்க?" பின்னாலிருந்து ஜெயபாலின் குரல். "இழுங்க."

இழுத்தான். டிரம் அதிர்ந்தது.

"அவ்ளோதான்" என்றான் ஜெயபால். "இதுல யோசிக்கற வேலையே இல்லண்ணா. ஒண்ணு வெடிக்கலயா, மறுபடி இழு. உருளை சுத்தி அடுத்தது தானா வந்து நிக்கும். மாட்டிக்கறதுக்கு உள்ள ஒண்ணுமே கெடையாது." பிறகு தோட்டாவின் பின்புறத்தை அடிக்கும் இரும்பு நாக்கை விரலால் தொட்டுக் காட்டினான். "இந்தக் குதிரைய மட்டும் பாத்துக்கங்க. இது மூக்கு மெலிசு. வெறும் துப்பாக்கிய வெச்சிகினு சும்மா சும்மா இழுத்து வெளையாடாதீங்க, ஒடஞ்சா இந்த ஊர்ல கெடைக்காது."

கஜபதி இழுத்து விளையாடவில்லை. ஆனால் தினமும் அதை எடுத்துப் பார்த்தான். இத்தனை வருஷம் கண்ணில் படாத பல விஷயங்கள் இப்போது தெரிந்தன. பிடியின் வலது பக்கம் நைனாவின் உள்ளங்கை தேய்த்துத் தேய்த்து வழவழப்பாகிக் குழிந்திருந்தது. அந்தப் பள்ளத்தில் அவன் கையும் சரியாக உட்கார்ந்தது. உருளையைத் திறந்தால் எத்தனை இருக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். பிஸ்டலில் எல்லாம் உள்ளே ஒளிந்திருக்கும். இது தன் வயிற்றைத் திறந்து காட்டியது. கனமாக இருந்தது. ஒரு வேலையைச் சொன்னால் செய்துவிட்டுத்தான் மறுபேச்சுப் பேசும் ஆள் மாதிரி இருந்தது. அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது மட்டும் அந்த நாலு நொடி அவனுக்குள் ஓடுவது நின்றது. எண்ணெய்த் துணியோடு அவன் உட்காரும்போதெல்லாம் மனோரமா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள்.

புரட்டாசியில் பங்காருவுக்கு ஜாமீன் கிடைத்தது. தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. தினமும் பத்து மணிக்கு அவன் வெள்ளைக் கார் கரும்புத் தோட்டத்தைத் தாண்டிப் போகும், பதினொன்றுக்குத் திரும்பும். சில நாள் புவனாவும் உள்ளே இருப்பாள், தலையைத் திருப்பிக்கொண்டு.

ஒரு நாள் கனகம்மாசத்திரம் கூட்ரோட்டு முச்சந்தியில் இருவரும் நேருக்கு நேர் பட்டுவிட்டார்கள். டீக்கடையில் கூட்டம். பங்காருவே கூப்பிட்டான்.

"இன்னா மச்சான், மாமாவோட ரோடு ரோலர வெளிய எடுத்துட்டியாமே?"

கஜபதி பைக் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டான்.

"சொல்லு. அதுனாச்சும் வெடிக்குமா? இல்ல அதுவும் மாட்டிக்குமா?"

டீக்கடையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். கஜபதி அக்கா புருஷனைப் பார்த்து, "கைய மட்டும்தான வெட்டச் சொன்னே பாவா? இல்ல கழுத்தையும் சேத்தா?" என்று கேட்டான்.

பங்காருவின் முகத்தில் ஒரு கணம் என்னவோ வந்துபோனது. "கேஸ் கோர்ட்ல இருக்குது. நான் இன்னா பேசறது" என்று டம்ளரை வைத்துவிட்டுக் காரில் ஏறினான்.

அன்று சோறு போடும்போது மனோரமா கேட்டாள். "இன்னா முடிவு பண்ணியிருக்கறீங்க?"

"எதுக்கு?"

"என்கிட்டயே கேக்கறீங்களே. தெனம் பதினோரு மணிக்கு ரோட்டுக்கு வந்து நின்னுகினு இருக்கறீங்க. பாக்கறேன்ல." குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "தம்பி போனதுக்கு உங்க அக்கா தாலியா? புவனா இன்னாங்க பண்ணுச்சி? அதுக்கும் அவன் தம்பிதான். பொணத்தக்கூடப் பாக்க வரமுடியாம அங்க உக்காந்து அழுதுச்சி."

"அவன் ஏற்பாடு பண்ணது அக்காவுக்குத் தெரியாதுன்றியா?"

"தெரியாதுன்றேன். போன்ல என்கிட்ட பேசுச்சி. தெரிஞ்சிருந்தா குறுக்க விழுந்திருப்பேன்னு சொல்லுச்சி."

"பேசறியா நீ அக்காகூட?"

"ஆங், பேசறேன். சுடுங்க என்னியும்."

அவன் தட்டிலேயே கை கழுவினான்.

ஆயுத பூஜை அன்று வழக்கம்போல எல்லாவற்றையும் கழுவினார்கள். டிராக்டர், மோட்டார், மருந்தடிக்கும் மெஷின், அரிவாள், கடப்பாரை. எல்லாவற்றிலும் மஞ்சள், குங்குமம், பூ. மனோரமா காலையில் திருத்தணி மலைக்குப் போய் வந்திருந்தாள். சாமி மார்பில் சாத்தும் சந்தனம் ஒரு உருண்டை வாங்கிவந்திருந்தாள். இந்தப் பக்கத்து ஜனங்கள் புண்ணுக்கும் காய்ச்சலுக்கும் அதைத்தான் தேடுவார்கள். நைனா காலத்தில் ரிவால்வரும் பூஜையில் இருக்கும். இந்த முறையும் தாம்பாளத்தில் வைத்தார்கள். கஜபதி தோட்டாக்களை எடுத்துவிட்டுத்தான் கொடுத்தான்.

அவள் அதற்கு வெகுநேரம் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். குனிந்து, தீக்குச்சி முனையில் சந்தனத்தைத் தொட்டுத் தொட்டு.

"இன்னா, கோலமா போடற?"

"சாமி காரியம். சும்மா இருங்க."

பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக்கூடாது. மறுநாள் கற்பூரம் காட்டியபிறகு, மேலே இருந்த பொட்டையெல்லாம் துணியால் துடைத்து, ஆறு தோட்டாக்களையும் போட்டு, உறையில் செருகி பீரோவில் வைத்தான்.

நாலாம் நாள் கலெக்டர் ஆபீசிலிருந்து பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. பங்காருவின் வக்கீல் மனு போட்டிருந்தார்: கொலை வழக்கின் சாட்சியிடம் ஆயுதம் இருப்பது தன் கட்சிக்காரரின் உயிருக்கு ஆபத்து. விசாரணை முடியும்வரை லைசென்ஸ் நிறுத்திவைக்கப்படுகிறது. ஏழு நாளுக்குள் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும்.

ஜெயபாலுக்குப் போன் செய்தான். "குடுத்துடுங்கண்ணா" என்றான் அவன். "ரசீது வாங்கிக்கங்க. எங்க பூடப் போவுது? அதுக்கு நம்ம ரெண்டு பேரவிட ஆயுசு ஜாஸ்தி."

"ஆங், குடுத்துடறேன்."

கெடுவின் ஆறாம் நாள் காலை குளித்துவிட்டு வந்து பீரோவைத் திறந்தான். மனோரமா வாசலில் நின்றாள்.

"ஒப்படைக்கத்தான் எடுத்துகினு போறேன்" என்றான்.

அவள் அவனையே பார்த்தாள். தடுக்கவில்லை. அழவும் இல்லை. வழியை விட்டு நகர்ந்தாள். அது அவனுக்கு அப்போதே வினோதமாகப் பட்டது. பைக்கைக் கிளப்பியதும் மறந்துவிட்டான்.

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கூட்ரோட்டுக்கு வந்தான். வெயில் சுள்ளென்றிருந்தது. கரும்புச்சாறு வண்டி நிழலில் வெள்ளைக் கார் நின்றது. பங்காரு வெளியே சாய்ந்து நின்று சாறு குடித்துக்கொண்டிருந்தான். வண்டியின் சக்கரத்தில் கட்டியிருந்த சலங்கை ஜல்ஜல் என்று அடித்துக்கொண்டிருந்தது. திருப்பதி பஸ் ஒன்று ஆட்களை இறக்கிவிட்டுக் கிளம்பியது. அது போகட்டும் என்று கஜபதி காத்திருந்தான். பஸ் போனதும் இறங்கி நடந்தான்.

ஐந்தடி தூரத்தில் நின்று உருவினான்.

பங்காரு முதலில் துப்பாக்கியைத்தான் பார்த்தான், பிறகு அவன் முகத்தை. கையில் இருந்த டம்ளர் சாய்ந்து சாறு காலில் வழிந்தது. "கஜபதி. டேய். கைய மட்டும்தாண்டா சொன்னேன். ஒரு கை. சத்தியமா. அவனுங்க போதையில..."

கஜபதி இழுத்தான்.

டக்.

இரண்டு பேர் காதிலும் அது விழுந்தது. பங்காருவின் தோள் இறங்கியது. மூச்சு வெளியே வந்தது. முகத்தில் உயிர் திரும்பியது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். என்ன சொல்ல வந்தான் என்பது இனி யாருக்கும் தெரியாது. வெடிச்சத்தம் அதற்குள் கேட்டுவிட்டது. குண்டு தொண்டைக்குழிக்குக் கீழே நுழைந்தது. இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு காரில் மோதி, கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு கீழே வந்தான். விரலிடுக்கில் ரத்தம் குமிழியிட்டுப் பொங்கியது. குதிகால் மண்ணைத் தேய்த்துத் தேய்த்து ஒரு சின்னக் குழி பறித்தது. சாற்றுக்காரன் ஓடிவிட்டான். மெஷினை நிறுத்த ஆளில்லை. சலங்கை அடித்துக்கொண்டே இருந்தது.

கார்க் கதவு திறந்தது. புவனா. பின் சீட்டில் அவள் இருந்தது அவன் கண்ணில் படவே இல்லை. வந்து தரையில் உட்கார்ந்து புருஷன் தலையை மடியில் எடுத்துவைத்துக்கொண்டாள். முந்தானையைச் சுருட்டிக் கழுத்தில் அழுத்தினாள். சேலை நனைந்து, முழங்கை வரை நனைந்தது. குதிகால் நின்றது. அதற்குப் பிறகுதான் தலையைத் தூக்கித் தம்பியைப் பார்த்தாள்.

"கஜா. அன்னிக்கி பூபாலனுக்கு வெடிக்காதது, எனக்கு மட்டும் எப்பிடிடா வெடிச்சிது?"

அவன் துப்பாக்கியைக் காரின் மேல் வைத்துவிட்டு, தள்ளிப் போய் மைல்கல்லின்மேல் உட்கார்ந்தான். போலீஸ் வரும்வரை அங்கேயே இருந்தான்.

தை மாதத்தில் தடயவியல் அறிக்கை வந்தது. கஜபதியின் வக்கீல் அதை எடுத்துக்கொண்டு சிறைக்கு வந்தார். உருளையில் ஆறு. நாலு தொடாதவை. ஒன்று சுட்டது. இன்னொன்றின் பின்புறத்தில் குதிரை லேசாகப் பட்ட அடையாளம். அந்தப் பள்ளத்தில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. சோதித்ததில் சந்தனம். குதிரைக்கு முன்னால் இருக்கும் இடுக்கு முழுவதும் காய்ந்த சந்தனம் அப்பியிருந்ததாம். முதல் அடியில் அது நொறுங்கி உதிர்ந்து, அடிக்கு வேகமில்லாமல் போயிற்று. இரண்டாவது அடிக்குத் தடை ஒன்றும் இல்லை.

"ஒரு தடவ இழுத்தது ஆத்திரம்னு நான் வாதாடலாம்" என்றார் வக்கீல். "தம்பிய வெட்டச் சொன்னவன் எதிர்ல நின்னான், தாங்கல, இழுத்துட்டார்னு சொல்லலாம். வெடிக்கல. அதோட நிறுத்தியிருந்தா கொலை முயற்சி. சில வருஷத்துல வெளிய வந்துடுவீங்க. ரெண்டாவது தடவைக்கு நான் இன்னா சொல்றது? அத்த சொல்லுங்க."

கஜபதி அறிக்கையை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தான்.

அந்த வாரம் மனோரமா மனு போட்டுப் பார்க்க வந்தாள். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். இரண்டு பக்கமும் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் வலையில் வாயை வைத்துச் சொன்னாள்.

"நான்தான் வெச்சேன்."

"தெரியும். பூஜையில."

"பூஜைக்கு இல்ல. உள்ள. தீக்குச்சியால குத்திக் குத்தி அடைச்சேன். அது வெடிக்கக் கூடாதுன்னு." அவள் குரல் ஏறவில்லை. "பிஸ்டல் மாட்டிகிச்சே, அன்னிக்கி நீங்க அப்பிடியே நின்னுட்டீங்களே. நான் பாத்துகினு இருந்தேன். இதுவும் ஒரு தரம் நின்னா நீங்களும் நின்னுடுவீங்க, அக்கா மூஞ்சி ஞாபகம் வரும், திரும்பி வந்துடுவீங்கன்னு நெனச்சேன். அதனாலதான் அன்னிக்கி வழிய வுட்டேன்."

அவன் வலையைப் பிடித்துக்கொண்டான். பூஜை நாளில் அவள் குனிந்திருந்தது, தீக்குச்சி, அவன் அடித்த கிண்டல், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

"வெடிக்கலதான?" என்றாள் அவள். "அறிக்கையில போட்டுருக்குதுன்னு வக்கீல் சொன்னாரு. நான் வெச்சது வேல செஞ்சிச்சிதான? அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சா இல்லியா?"

"கேட்டுச்சி."

"அப்ப ஒரு நிமிஷம் கூடவாங்க உங்களுக்குத் தோணல?"

அவனுடைய வலது கை ஆள்காட்டி விரல் வலைக்கு நடுவே தானாக ஒரு முறை மடங்கி நிமிர்ந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவனும் பார்த்தான்.

"அதுல யோசிக்கற வேலையே இல்ல மனோ" என்றான்.

வார்டர் நேரம் முடிந்தது என்று கம்பியில் தட்டினான். மனோரமா கொண்டுவந்திருந்த வாழைப்பழத்தைச் சோதனை மேஜையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தாள். வாசலில் வேப்பமர நிழலில் வெள்ளைச் சேலையில் புவனா அவளுக்காக நின்றுகொண்டிருந்தாள்.